சென்னை சதுரங்க ஒலிம்பியாட், 2022

சென்னை சதுரங்க ஒலிம்பியாட் அல்லது 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் என்பது 2022ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை தமிழ்நாட்டில் நடைபெற்ற பன்னாட்டு அணிச் சதுரங்கப் போட்டி ஆகும். சென்னை என்ற பெயரைத் தாங்கியிருந்தாலும், ஆட்டங்கள் அனைத்தும் நகருக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் தொலைவில் உள்ள மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடைபெற்றன. தொடக்க விழாவும் நிறைவு விழாவும் மட்டும் சென்னை நேரு விளையாட்டரங்கில் நிகழ்ந்தன. சதுரங்க ஒலிம்பியாட் இந்தியாவில் நடைபெற்றது இதுவே முதன்முறை.

பொதுப் பிரிவில் 186 நாடுகளைச் சேர்ந்த 188 அணிகளும், பெண்கள் பிரிவில் 160 நாடுகளைச் சேர்ந்த 162 அணிகளும் பங்கேற்றன. இரு பிரிவுகளிலும் அதுவரை இத்தனை அணிகள் கலந்துகொண்டதில்லை. பொதுப் பிரிவில் உஸ்பெக்கிஸ்தானும் பெண்கள் பிரிவில் உக்ரைனும் தங்கம் வென்றன. இந்தியா இரு பிரிவுகளிலும் வெண்கலம் பெற்றது.

ஒலிம்பியாட் என்னும் போட்டி

சதுரங்க ஒலிம்பியாடுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுக்களுக்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர அமைப்பு அடிப்படையில் தொடர்பு கிடையாது. 1924இல் பாரிசில் தொடங்கப்பட்ட உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு (சுருக்கமாக ஃபிடே) இதனை நடத்துகிறது. முதல் ஒலிம்பியாட் 1927இல் இலண்டனில் 16 அணிகளுடன் நடைபெற்றது, அங்கேரி வென்றது. 1950 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை நடத்துவது வழக்கமாயிற்று. இந்தியா முதன்முதலாகப் பங்கேற்றது 1956இல் மாஸ்கோவில் நடந்த போட்டியிலாகும்.

சதுரங்கம் தனியாள் விளையாட்டு என்றே பலரும் எண்ணுகின்றனர். ஒலிம்பியாடில் அது அணி விளையாட்டாக மாறுகிறது. ஒவ்வொரு அணியிலும் ஐவர் இருப்பர். ஒரு சுற்றில் நால்வர் ஆடுவர், ஒருவர் ஓய்வில் இருப்பார். நான்கு பலகைகளிலும் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடைபெறும். எதிரணியின் முதல் பலகை வீரரை நம் முதல் பலகை வீரர் சந்திப்பார். மற்ற பலகைகளிலும் அவ்வாறே. பலகை வரிசையைப் போட்டி தொடங்கும் முன்னரே அறிவித்துவிட வேண்டும். பின்னர் மாற்ற இயலாது. ஆகவே, எந்தச் சுற்றில் யாருக்கு ஓய்வு கொடுப்பது என்பதே அணித்தலைவரின் கையில் உள்ள முதன்மையான கருவி. (இங்கு அணித்தலைவர் எனப்படுபவர் பெரும்பாலும் ஆடாதவர், கிரிக்கெட்டில் உள்ள தலைவரைப் போன்றவர் அல்லர்.)

நான்கு ஆட்டங்களில் இரண்டரைப் புள்ளி எடுத்தால் அந்தச் சந்திப்பு அணிக்குச் சொந்தம். இதனால், தனிப்போட்டியில் வெற்றிக்காகத் துணிந்து ஆடக்கூடிய ஒருவர், பக்கத்துப் பலகையில் தன் அணியினர் வெல்லும் நிலையில் இருப்பதைக் கண்டு, தன் ஆட்டத்தைச் சமன் செய்து முடித்துக்கொள்வது உண்டு. எதிர்மாறாக, சமனாக முடிய வேண்டிய ஆட்டத்தை அணியின் தேவைக்காக இழுத்துப் பிடித்துத் தோற்பதும் உண்டு.

மாஸ்கோவிலிருந்து சென்னைக்கு

44ஆவது ஒலிம்பியாட் முதலில் 2020ஆம் ஆண்டில் ரஷ்யாவின் காந்தி-மான்சிசுக்கு நகரில் நடைபெறுவதாக இருந்தது. கொரோனாப் பெருந்தொற்றால் ஒத்திவைக்கப்பட்டு, பின்னர் 2022இல் மாஸ்கோவில் நடத்தத் திட்டமிடப்பட்டது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. மறுநாளே ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடைபெறாது என ஃபிடே அறிவித்தது. ரஷ்ய, பெலருஸ் அணிகளும் பின்னர் விலக்கி வைக்கப்பட்டன.

அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு தமிழ்நாடு அரசின் ஆதரவுடன் போட்டியை நடத்த முன்வந்தது. மார்ச் 15 அன்று சென்னை தேர்வு செய்யப்பட்டது. அன்றிலிருந்து தொடக்க விழா வரை இருந்த நாட்கள் 135. வழமையாக ஒலிம்பியாடை நடத்தும் நகரம் ஆண்டுக்கணக்கில் முன்னரே முடிவு செய்யப்படும். பிற நகரங்கள் ஆண்டுகளில் செய்வதைச் சென்னை நான்கரை மாதங்களில் செய்ய வேண்டியிருந்தது. தமிழ்நாடு அரசு இதற்காக 90 கோடி ரூபாய்க்கும் மேல் ஒதுக்கியது.

சென்னையின் சதுரங்கப் பின்னணி

இவ்வளவு குறுகிய காலத்தில் நடத்தி முடிக்கப் பணம் மட்டும் போதாது. நடுவர்களும், போட்டி அலுவலர்களும், விதிகளை அறிந்த தன்னார்வலர்களும் உள்ளூரிலேயே இருக்க வேண்டும். சென்னைக்கு அந்த வாய்ப்பு இருந்தது.

இந்தியாவின் முதல் பன்னாட்டு மாஸ்டரான மானுவேல் ஆரோன் (1961) தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1959க்கும் 1981க்கும் இடையில் ஒன்பது முறை தேசிய வாகையர் பட்டம் வென்ற அவர், 1960, 1962, 1964 ஆகிய மூன்று ஒலிம்பியாடுகளில் இந்திய அணிக்காக ஆடினார். 1972இல் சென்னையில் இருந்த சோவியத் பண்பாட்டு மையத்தில் அவர் தொடங்கிய மன்றத்திற்கு முன்னாள் உலக வாகையர் மிகைல் தாலின் பெயர் சூட்டப்பட்டது. சோவியத் நாட்டுச் சதுரங்க நூல்களும் இதழ்களும் இங்கு எளிதில் கிடைத்தன. கணினி இல்லாத அக்காலத்தில் ஒரு நல்ல ஆட்டக்குறிப்பு நூலைக் கண்ணால் பார்ப்பதே அரிது என்பதை நினைவிற் கொண்டால் இதன் அருமை விளங்கும். மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்த விசுவநாதன் ஆனந்த் சிறுவனாகப் பயின்றது இம்மன்றத்தில்தான். 1988இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். மாஸ்கோவில் நடக்க வேண்டிய ஒலிம்பியாட் சென்னைக்கு வந்தபோது, அதனை வரவேற்ற நகரின் சதுரங்க மரபு பாதி சோவியத் நூல்களால் உருவானது என்பது வரலாற்றின் ஒரு விந்தை.

ஆனந்துக்குப் பின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற பகுதிகளில் தொடங்கிப் புறநகர்கள் வரை பயிற்சி வகுப்புகள் பெருகின. வாரயிறுதிகளில் பள்ளிக்கூடங்களிலும் திருமண மண்டபங்களிலும் நடைபெறும் வயதுவாரிப் போட்டிகள் நூற்றுக்கணக்கான சிறுவர்களை ஈர்ப்பவை. இந்தியக் கிராண்ட்மாஸ்டர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பெரிய போட்டி ஒன்றை நடத்திய பட்டறிவும் நகருக்கு இருந்தது. 2013 நவம்பரில் ஆனந்துக்கும் நோர்வேயின் மாக்னசு கார்ல்சனுக்கும் இடையிலான உலக வாகையர் போட்டி தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் உள்ள ஹையத் ரீஜென்சி விடுதியில் நடைபெற்றது. கார்ல்சன் 6½ - 3½ என்ற கணக்கில் வென்று பட்டத்தைக் கைப்பற்றினார். ஆனால், அங்கு ஆடியவர்கள் இருவர். தேவைப்பட்டது ஒரு பலகை.

ஆடுகளமும் ஏற்பாடுகளும்

இருவருக்கு ஒரு விடுதி அரங்கம் போதும். 188 அணிகளும் 162 அணிகளும் ஒரே நேரத்தில் ஆட வேண்டுமெனில் எத்தனை பலகைகள் வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். பொதுப் பிரிவில் 94 சந்திப்புகள், பெண்கள் பிரிவில் 81 சந்திப்புகள். ஒவ்வொன்றிற்கும் நான்கு பலகைகள். ஆக 700 பலகைகள், 1,400 வீரர்கள். இவர்கள் அனைவரும் ஓசையற்ற, குளிரூட்டப்பட்ட, ஒரே மாதிரியான ஒளி அமைந்த இடத்தில் அமர வேண்டும். மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அத்தகைய கூடம் ஒன்றும் இல்லை. கலைநிகழ்ச்சிகளுக்காகக் கட்டப்பட்ட சபா அரங்குகள் சாய்தளத்தில் இருக்கைகள் பொருத்தப்பட்டவை. மேசை போட உதவா.

எனவே, பூஞ்சேரியில் உள்ள ஃபோர் பாயிண்ட்ஸ் விடுதியின் மாநாட்டு மையம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கு ஏற்கனவே இருந்த 22,000 சதுர அடிக் கூடம் முதல் அரங்கமாயிற்று. அது போதாமையால், அதே வளாகத்தில் 52,000 சதுர அடியில் இரண்டாம் அரங்கம் ஒன்று புதிதாக அமைக்கப்பட்டது. முன்னணி அணிகள் முதல் அரங்கிலும் மற்றவை இரண்டாம் அரங்கிலும் ஆடின. வீரர்கள் மாமல்லபுரத்திலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், அடையாறு மத்திய கைலாசத்தை ஒட்டித் தொடங்கும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் உள்ள விடுதிகளில் தங்க வைக்கப்பட்டனர். நாள்தோறும் பிற்பகல் 3 மணிக்குள் அனைவரையும் அரங்கில் சேர்ப்பதே தனி வேலையாக இருந்தது.

பலகைகள் சாதாரணப் பலகைகள் அல்ல. காய்களின் இடத்தை உணரும் மின்னணு அமைப்பு பலகைக்குள் உண்டு. காய் நகர்ந்த கட்டத்தைப் பலகையே கண்டறிந்து கணினிக்கு அனுப்பும். கடிகாரமும் அதனுடன் இணைக்கப்பட்டிருக்கும். இவ்வாறு நகர்வுகள் இணையத்தில் நேரலையாக வெளியாயின. ஏமாற்றைத் தடுக்கும் பொருட்டு ஒளிபரப்பில் சிறிது காலத்தாழ்வு இருப்பது இத்தகைய போட்டிகளில் வழக்கம். எழுநூறு பலகைகள் ஒரே நேரத்தில் தரவு அனுப்பும்போது என்ன பழுது எழும் என்பதை ஏட்டில் கணித்தறிய முடியாது. ஆகவே ஜூலை 24 அன்று அதே அரங்குகளில் நாட்டின் பல பகுதிகளிலிருந்து ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட வீரர்களை வரவழைத்து ஒரு முன்னோட்டப் போட்டி நடத்தப்பட்டது. ஒலிம்பியாட் ஏற்பாடுகளில் பலரும் அறியாத, ஆனால் மிகவும் மதிநுட்பமான செயல் இதுவே எனலாம். மென்பொருளை வெளியிடும் முன் சுமைச்சோதனை செய்வதை ஒத்தது இது.

மக்கள் கண்ணில் பட்டவை வேறு. மெரினாவின் வடகோடியில் கூவத்தின் குறுக்கே உள்ள நேப்பியர் பாலம் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக வண்ணம் தீட்டப்பட்டது. குடும்பத்துடன் வந்து படம் எடுத்துக்கொள்வோரால் பாலத்தில் நெரிசல் உண்டானது. வேட்டி சட்டை அணிந்து கைகூப்பி நிற்கும் குதிரை உருவம் 'தம்பி' என்ற பெயரில் போட்டியின் சின்னமாக நகரெங்கும் நின்றது. ஏ. ஆர். ரகுமான் இசையில் வரவேற்புப் பாடல் ஒன்று வெளியானது. அரசுப் பள்ளி மாணவர்களிடையே வட்டார, மாவட்ட அளவில் சதுரங்கப் போட்டிகள் நடத்தப்பட்டன. ஒலிம்பிக்கைப் பின்பற்றி முதன்முறையாகச் சுடரோட்டமும் அறிமுகமானது. ஜூன் 19 அன்று புதுதில்லியில் பிரதமர் நரேந்திர மோதி தொடங்கி வைத்த சுடர், 75 நகரங்களைக் கடந்து மாமல்லபுரம் வந்தது.

ஜூலை 28 அன்று நேரு விளையாட்டரங்கில் நடந்த தொடக்க விழாவில் பிரதமரும் முதலமைச்சர் மு. க. ஸ்டாலினும் கலந்துகொண்டனர். பிரதமர் தம் உரையில் திருவாரூர் மாவட்டம் திருப்பூவனூரில் உள்ள சதுரங்க வல்லபநாதர் கோயிலைக் குறிப்பிட்டார். அரசன் மகளுடன் சிவபெருமான் சதுரங்கம் ஆடி வென்று அவளை மணந்தார் என்பது அக்கோயிலின் தலபுராணம்.

போட்டி முறை

188 அணிகளும் ஒன்றையொன்று சந்திப்பதாயின் ஒவ்வோர் அணியும் 187 சுற்றுகள் ஆட வேண்டும். மொத்தம் 17,578 சந்திப்புகள். நாளொன்றுக்கு ஒரு சுற்று வீதம் அரையாண்டுக்கு மேல் ஆகும். தோற்றவரை வெளியேற்றும் முறையில் எட்டுச் சுற்றுகளில் முடிந்துவிடும். ஆனால் பாதி அணிகள் முதல் நாளிலேயே ஊர் திரும்ப வேண்டியதுதான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது சுவிஸ் முறை. இதில் யாரும் வெளியேற்றப்படுவதில்லை. முதல் சுற்றில் தரவரிசையின் மேற்பாதி கீழ்ப்பாதியுடன் மோதும். அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே புள்ளி அல்லது ஏறக்குறைய ஒரே புள்ளி பெற்ற, முன்னர் தம்முள் மோதாத அணிகள் இணைக்கப்படும். வெல்ல வெல்ல எதிரணி வலுக்கும். தோற்கத் தோற்கத் தன் வலுவுக்கேற்ற எதிரணி கிடைக்கும். சென்னையில் 11 சுற்றுகள் நடந்தன. ஆகஸ்ட் 4 ஓய்வு நாள்.

சந்திப்பில் வென்ற அணிக்கு 2, சமன் செய்த அணிக்கு 1 என அணிப்புள்ளிகள் வழங்கப்பட்டன. ஒவ்வொரு வீரருக்கும் முதல் 40 நகர்த்தல்களுக்கு 90 நிமிடங்கள், அதன்பின் 30 நிமிடங்கள். முதல் நகர்த்தலிலிருந்தே நகர்த்தல் ஒன்றுக்கு 30 நொடி கூடுதல்.

இரு அணிகள் ஒரே அணிப்புள்ளியில் முடித்தால், ஒவ்வோர் எதிரணியும் இறுதியில் பெற்ற அணிப்புள்ளியை, அவ்வணிக்கு எதிராக நாம் எடுத்த ஆட்டப்புள்ளியால் பெருக்கிக் கூட்ட வேண்டும். மிகக் குறைந்த புள்ளி பெற்ற எதிரணியின் கணக்கு விடப்படும். எடுத்துக்காட்டாக, இறுதியில் 12 புள்ளி பெற்ற அணியை 3 - 1 என வென்றிருந்தால் அதற்கு 36. வலுவான அணிகளைப் பெரிய வேறுபாட்டில் வென்றவரை மேலே நிறுத்துவது இதன் நோக்கம். தங்கப் பதக்கங்கள் இரண்டையும் இறுதியில் இந்தப் பெருக்கல் கணக்கே தீர்மானித்தது.

மூன்று இந்திய அணிகள்

போட்டியை நடத்தும் நாட்டிற்கு ஒலிம்பியாட் விதிகள் ஒரு சலுகை அளிக்கின்றன. அந்நாடு கூடுதலாக ஓர் அணியைக் களமிறக்கலாம். அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக அமைந்தால் மூன்றாவது அணியையும் சேர்க்கலாம். இதன்படி இரு பிரிவுகளிலும் மும்மூன்று இந்திய அணிகள் ஆடின. ஐந்து பேர் ஆட வேண்டிய இடத்தில் பதினைந்து பேர். இரு பிரிவுகளிலும் சேர்த்து முப்பது பேர். நடத்தும் நாட்டிற்குக் கிடைப்பது விருந்தோம்பும் பெருமை மட்டுமே என்று கருதுவோர் இவ்விதியை மறந்துவிடுகின்றனர்.

பொதுப் பிரிவில் முதல் அணியில் விதித் குஜராத்தி, பி. ஹரிகிருஷ்ணா, அர்ஜுன் எரிகைசி, எஸ். எல். நாராயணன், கி. சசிகிரண் ஆகியோர் இடம்பெற்றனர். தரவரிசையில் அமெரிக்காவுக்கு அடுத்த இரண்டாம் இடம் இவ்வணிக்கு. இரண்டாம் அணியில் டி. குகேஷ், நிகால் சரின், ஆர். பிரக்ஞானந்தா, பி. அதிபன், ரௌனக் சாத்வானி. இவர்களில் குகேஷ், பிரக்ஞானந்தா, சாத்வானி ஆகிய மூவருக்கும் அப்போது வயது 16, நிகாலுக்கு 18. அதிபன் ஒருவரே இருபதைத் தாண்டியவர். சென்னையைச் சேர்ந்த பயிற்சியாளர் ஆர். பி. ரமேஷ் இவ்வணியின் தலைவர். தரவரிசையில் இது 11ஆவது அணி. மூன்றாம் அணியில் சூர்ய சேகர் கங்குலி, எஸ். பி. சேதுராமன், கார்த்திகேயன் முரளி, அபிஜீத் குப்தா, அபிமன்யு புராணிக் ஆகியோர் ஆடினர். விசுவநாதன் ஆனந்த் ஆடவில்லை. இந்திய அணிகளுக்கு வழிகாட்டியாக இருந்தார்.

பெண்கள் முதல் அணியில் கொனேரு ஹம்பி, ஹரிகா துரோணவல்லி, ஆர். வைஷாலி (பிரக்ஞானந்தாவின் அக்காள்), தானியா சச்தேவ், பக்தி குல்கர்னி ஆகியோர் இருந்தனர். இது தரவரிசையில் முதல் அணி. ஹரிகா நிறைமாதக் கருவுற்றிருந்த நிலையில் ஆடினார். இரண்டாம் அணியில் வந்திகா அகர்வால், திவ்யா தேஷ்முக் முதலியோர் இடம்பெற்றனர்.

பொதுப் பிரிவு

குகேஷ் முதல் எட்டுச் சுற்றுகளிலும் எட்டு ஆட்டங்களையும் வென்றார். எட்டாம் சுற்றில் இந்திய இரண்டாம் அணி முதல் தரவரிசையில் இருந்த அமெரிக்காவைச் சந்தித்தது. 2018இல் உலக வாகையர் பட்டத்திற்கு மோதிய ஃபாபியானோ கருவானாவைக் குகேஷும், லெய்னியர் தொமிங்கெசைச் சாத்வானியும் வீழ்த்தினர். மற்ற இரு ஆட்டங்களும் சமன். 3 - 1 என்ற இந்த வெற்றியுடன், பள்ளி வயதுச் சிறுவர்கள் நிறைந்த அணி தங்கம் வெல்லக்கூடும் என்ற பேச்சு எழுந்தது.

பத்தாம் சுற்றில் அவர்கள் எதிர்கொண்டது உஸ்பெக்கிஸ்தானை. அதுவும் இளைஞர் அணி, தரவரிசையில் 14ஆவது. பிரக்ஞானந்தா வென்றுவிட்டார். முதல் பலகையில் நோதிர்பெக் அப்துசத்தோரவுக்கு எதிராகக் குகேஷ் வெல்லும் நிலையில் இருந்தார். அவர் வென்றிருந்தால் சந்திப்பு இந்தியாவுக்கு. சமன் செய்திருந்தாலும் இந்தியாவுக்கே. நேர நெருக்கடியில் சமனைத் தவிர்த்து வெற்றிக்கு முயன்ற அவர், பிழையான ஒரு குதிரை நகர்த்தலால் தோற்றார். சந்திப்பு 2 - 2 எனச் சமனாயிற்று. அணிக்காக இழுத்துப் பிடித்துத் தோற்பது என்று மேலே கூறியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. மறுநாள் ஜெர்மனியை 3 - 1 என வென்று இந்திய இரண்டாம் அணி 18 புள்ளிகளுடன் வெண்கலம் பெற்றது. 2014இல் நோர்வேயின் துரொம்சோவில் பெற்ற வெண்கலத்திற்குப் பின் நேரடிப் பலகையில் பொதுப் பிரிவில் இந்தியா வென்ற பதக்கம் இது.

உஸ்பெக்கிஸ்தானும் ஆர்மீனியாவும் 19 புள்ளிகளுடன் முடித்தன. பெருக்கல் கணக்கில் உஸ்பெக்கிஸ்தானுக்கு 435, ஆர்மீனியாவுக்கு 382.5. ஆர்மீனியா தன் முதன்மை வீரர் லெவோன் அரோனியன் அமெரிக்காவுக்கு மாறிவிட்ட நிலையிலும் வெள்ளி பெற்றது குறிப்பிடத்தக்கது. அவர் சேர்ந்த அமெரிக்க அணி பதக்கம் பெறவில்லை. உலக வாகையர் கார்ல்சன் ஆடிய நோர்வே 59ஆம் இடத்திற்குத் தள்ளப்பட்டது. ஒரு பலகையில் உலகின் தலைசிறந்தவர் அமர்ந்திருந்தாலும் மீதி மூன்று பலகைகளை அவர் ஆட முடியாது.

தனிநபர் பதக்கங்களில் முதல் பலகைத் தங்கம் குகேஷுக்கும் (11 ஆட்டங்களில் 9 புள்ளி), இரண்டாம் பலகைத் தங்கம் நிகால் சரினுக்கும் கிடைத்தன. மூன்றாம் பலகையில் இங்கிலாந்தின் டேவிட் ஹோவல் தங்கமும், அர்ஜுன் எரிகைசி வெள்ளியும், பிரக்ஞானந்தா வெண்கலமும் பெற்றனர்.

பெண்கள் பிரிவு

இந்திய முதல் அணி பத்துச் சுற்றுகளின் முடிவில் 17 புள்ளிகளுடன் தனித்து முதலிடத்தில் இருந்தது. கடைசிச் சுற்றில் அமெரிக்காவை வென்றால் தங்கம் உறுதி. ஆகஸ்ட் 9 காலையில் நடந்த அந்தச் சந்திப்பில் இரண்டு ஆட்டங்கள் சமனாகி, இரண்டில் தோல்வி நேர்ந்தது. 1 - 3. உக்ரைனும் ஜார்ஜியாவும் தத்தம் சந்திப்புகளில் வென்று 18 புள்ளிகளுடன் முந்தின. பெருக்கல் கணக்கில் உக்ரைன் தங்கம் பெற்றது.

தங்கம் நழுவியதால் எழுந்த ஏமாற்றத்தில், பெண்கள் ஒலிம்பியாடில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் இதுதான் என்பது அன்று பலருக்கும் தோன்றவில்லை. மரியா, அன்னா முசிச்சுக் சகோதரிகள் இடம்பெற்ற உக்ரைன் அணியோ தாய்நாட்டில் போர் நடந்துகொண்டிருக்கும்போது ஆடியது. எந்தப் படையெடுப்பினால் போட்டி மாஸ்கோவை விட்டு வந்ததோ, அதற்கு உள்ளான நாடே மாமல்லபுரத்தில் வென்றது. இரு பிரிவுகளின் கூட்டுச் செயல்திறனுக்கான நோனா கப்ரின்தாஷ்விலி கோப்பை இந்தியாவுக்கு வழங்கப்பட்டது. வெண்கலம் வென்ற இரு அணிகளுக்கும் தமிழ்நாடு அரசு தலா ஒரு கோடி ரூபாய் அறிவித்தது.

சர்ச்சைகளும் குறைகளும்

சுடரோட்டம் சம்மு காசுமீர் வழியாகச் சென்றதை எதிர்த்து, சென்னைக்கு வந்துவிட்ட பாக்கிஸ்தான் அணி தொடக்க நாளன்றே விலகியது. தமிழ்நாடு அரசின் விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர் படங்கள் இல்லை என்று தொடரப்பட்ட வழக்கில், அவற்றைச் சேர்க்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. வலுவான அணிகளுள் ஒன்றான சீனா பங்கேற்கவில்லை, ரஷ்யாவும் இல்லை. ஆகவே பதக்கங்களின் மதிப்பைக் குறைத்துப் பேசுவோரும் இருந்தனர். அவ்விரு நாடுகளும் இல்லாத போட்டி எளிதாக இருந்தது உண்மையே; எனினும் அமெரிக்கா முதலிய பிற முன்னணி அணிகள் வந்திருந்தன.

இவற்றினும் கருதத்தக்க குறை வேறொன்று. சென்னைவாசிகளுள் பெரும்பாலோர் போட்டியைச் சுவரொட்டிகளிலும் நேப்பியர் பாலத்திலும்தான் பார்த்தனர். பொதுப் பார்வையாளருக்கான நுழைவுச்சீட்டின் விலை ஆயிரக்கணக்கில் இருந்தது. மாணவர்கள் முதலியோருக்குச் சில நூறு ரூபாய். மயிலாப்பூரிலிருந்து ஒரு பிற்பகல் சென்று திரும்ப அரைநாள் ஆகும். மாட வீதியிலோ பாண்டி பசாரிலோ பெரிய திரை ஒன்றில் ஆட்டங்களைத் தமிழ் வருணனையுடன் நாள்தோறும் காட்டியிருந்தால் பயன் மிகுந்திருக்கும்.

ஃபிடே பேரவை

ஒலிம்பியாடுடன் ஃபிடேயின் பேரவைக் கூட்டமும் சென்னையில் நடைபெற்றது. ஆகஸ்ட் 7 அன்று நடந்த தேர்தலில் ரஷ்யரான ஆர்க்காதி துவொர்க்கோவிச் 157 வாக்குகளுடன் மீண்டும் தலைவரானார். அவரை எதிர்த்த உக்ரைன் கிராண்ட்மாஸ்டர் ஆந்திரி பரிஷ்பொலெத்சு 16 வாக்குகள் பெற்றார். துவொர்க்கோவிச்சுடன் போட்டியிட்ட விசுவநாதன் ஆனந்த் துணைத் தலைவர் பொறுப்பை ஏற்றார்.

பின்னர் நிகழ்ந்தவை

சென்னையில் உயர்நிலைப் போட்டிகள் அதன்பின் ஆண்டுதோறும் நடைபெறலாயின. 2023 டிசம்பரில் அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டிய லீலா பேலஸ் விடுதியில் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டி தொடங்கப்பட்டது. அதில் வென்ற குகேஷ் உலக வாகையருக்கான தகுதிப்போட்டியில் இடம்பெற்றார். 2024இல் அப்போட்டி கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நடைபெற்றது. அரவிந்த் சிதம்பரம் வென்றார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சீனாவின் திங் லிரெனை 7½ - 6½ என வென்று குகேஷ் 18ஆம் வயதில் உலக வாகையரானார். அந்தப் போட்டியை நடத்தத் தமிழ்நாடு அரசும் விண்ணப்பித்திருந்தது. வாய்ப்பு சிங்கப்பூருக்குச் சென்றது.

அதற்கு முன்னரே, 2024 செப்டம்பரில் புடாபெஸ்டில் நடைபெற்ற 45ஆவது ஒலிம்பியாடில், சீனாவும் பங்கேற்ற நிலையில், இந்தியா இரு பிரிவுகளிலும் தங்கம் வென்றிருந்தது. பொதுப் பிரிவு அணியில் குகேஷ், பிரக்ஞானந்தா, அர்ஜுன் எரிகைசி, விதித் குஜராத்தி, ஹரிகிருஷ்ணா. பெண்கள் அணியில் ஹரிகா, வைஷாலி, திவ்யா தேஷ்முக், வந்திகா அகர்வால், தானியா சச்தேவ். இந்தப் பத்துப் பேரும் மாமல்லபுரத்தில் ஆடியவர்கள். அவர்களுள் குகேஷ், பிரக்ஞானந்தா, திவ்யா, வந்திகா ஆகிய நால்வர் 2022இல் முதல் அணியில் இல்லை. நடத்தும் நாட்டிற்கான விதியால் கிடைத்த இரண்டாம் அணிகளில் இருந்தனர்.